வாங்கிய மாடலும் பிள்ளையின் நோட்டும்

பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றதும் கடைக்கு ஓடி, ரெடிமேட் மாடல் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அது பள்ளி வாசலைத் தாண்டாது.

ஐசெஃப் என்ற சர்வதேச அறிவியல் போட்டி 1950-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது. 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கானது. ஆண்டுதோறும் மே மாதத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பிள்ளைகள் கூடுகின்றனர். இதற்கு நேராக விண்ணப்பிக்க முடியாது. அந்தந்த நாட்டில் இணைப்புப் பெற்ற கண்காட்சியில் தேர்வாக வேண்டும்; இந்தியாவில் ஐரிஸ் தேசியக் கண்காட்சி அத்தகைய ஒன்று.

நடுவர்கள் பிள்ளையிடமே கேட்பார்கள்: ஏன் இந்த முறை? எத்தனை தடவை அளந்தாய்? முடிவு மாறி வந்தபோது என்ன செய்தாய்? வாப்பாவோ உம்மாவோ டீச்சரோ பக்கத்தில் நின்று பதில் சொல்ல முடியாது. ஆகவே அன்றன்று தேதி போட்டு எழுதிய நோட்டுதான் துணை. தவறிப்போன சோதனையும் அதில் இருக்கட்டும், அடிக்க வேண்டாம்.

பலரும் கவனிக்காத விதி ஒன்று உண்டு. மக்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆய்வு செய்வதற்கும், முதுகெலும்புள்ள விலங்குகளை வைத்து ஆய்வு செய்வதற்கும் வேலையைத் தொடங்கும் முன்பே முறையான அனுமதி வேண்டும். முடித்த பிறகு வாங்கினால் செல்லாது. வீட்டில் பாக்டீரியா வளர்த்த ஆய்வையும் ஏற்கமாட்டார்கள். நல்ல உழைப்பு இதனாலேயே வீணாகிவிடும்.

நம் தெருக் கிணறுகளின் உப்புத்தன்மை கோடையிலும் மழைக்குப் பிறகும் எப்படி மாறுகிறது என்று மாதாமாதம் அளக்க இந்த அனுமதி தேவையில்லை. ஒரு நோட்டும், விலை குறைந்த டிடிஎஸ் மீட்டரும் போதும்.