தெளிந்துவிட்ட கண்

முதலில் ஒரு கறுப்பு நூல். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் மிதக்கும். கண்ணை உருட்டினால் கூடவே வரும். வலி இல்லை, சிவப்பு இல்லை. சிலருக்கு ஓரிரு மணி நேரத்தில் புகை மூடியதுபோல் பார்வை மங்கும். உடல் சூடு என்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். சில வாரங்களில் பலருக்குப் பார்வை தெளிந்துவிடும். எண்ணெய்க்கு அதில் பங்கில்லை. கண்ணுக்குள் கசிந்த ரத்தம் அடியில் படிந்து மெல்லக் கரைந்தது. கசிந்த இடம் அப்படியே இருக்கிறது.

இது ஈல்ஸ் நோய்: விழித்திரையின் சிரைகளில் வரும் அழற்சி. பெரும்பாலும் 20 முதல் 40 வயது ஆண்களைத் தாக்கும். மேலை நாடுகளில் அரிது, இந்தியாவில் அப்படியல்ல. 1880-இல் இதை விவரித்த பர்மிங்ஹாம் மருத்துவர் ஹென்றி ஈல்ஸ், நோயாளிகளின் மலச்சிக்கலையும் மூக்கில் ரத்தம் வடிவதையும் குறித்துக்கொண்டார். அழற்சி அவர் கண்ணில் படவில்லை. காசநோய்க் கிருமிக்குத் தொடர்பு உண்டு என்ற சந்தேகம் பழையது. சென்னை சங்கர நேத்ராலயாவில், நோயாளிகளின் விழித்திரை மேலிருந்து உரித்தெடுத்த சவ்வுகள் சிலவற்றில் அக்கிருமியின் டி.என்.ஏ. காணப்பட்டது.

அழற்சியால் சிரை அடைபடும். ரத்தம் போகாத பகுதி, ஆக்சிஜனுக்காகப் புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லி வேதிச் செய்தி அனுப்பும். வளரும் குழாய்கள் மெலிந்தவை, கசியும். திரும்பத் திரும்பக் கசிந்தால் தழும்பு நார்கள் உருவாகும். நார் சுருங்கும். சுருங்கும்போது விழித்திரையையும் சேர்த்து இழுக்கும்.

ஆரம்பத்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டும் லேசரும் போதும். லேசர், பட்டினி கிடக்கும் ஓரப் பகுதியைச் சுட்டு அதன் வேதிச் செய்தியை நிறுத்துகிறது. சுட்ட இடம் திரும்பாது. ரத்தம் கரையாவிட்டாலோ விழித்திரை இழுபட்டாலோ விட்ரெக்டமி: கண்ணை நிரப்பியிருக்கும் ஏறத்தாழ 4 மி.லி. கூழை வெட்டி உறிஞ்சும் அறுவை சிகிச்சை. மயாமியில் ராபர்ட் மாக்கெமர் 1970-இல் தொடங்கியது. இன்று கருவி நுழையும் துளை அரை மில்லிமீட்டர் அளவுதான். பிரிந்த திரையை ஒட்டவைக்க வாயுவோ சிலிகான் எண்ணெயோ நிரப்புவார்கள். நாள்கணக்கில் முகம் கவிழ்ந்து கிடக்க வேண்டியிருக்கலாம். வாயு கரையும்வரை விமானப் பயணம் கூடாது. எண்ணெயைப் பிறகு இன்னொரு அறுவையில் எடுக்க வேண்டும். பெரும்பாலும் திரை ஒட்டிக்கொள்ளும். எழுத்தைப் படிக்கும் மையப் பகுதி பிரிந்து நாளாகியிருந்தால், ஒட்டிய பிறகும் பழைய பார்வை திரும்புவது அரிது.

நோயாளி ஒரு கண்ணைச் சொல்லித்தான் வருவார். மருத்துவர் இரண்டிலும் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்துப் பார்ப்பார். பலருக்கு மறு கண்ணின் ஓரத்திலும் சிரைகள் வெளுத்து உறையிட்டதுபோல் தெரியும். அந்தக் கண் அன்றைக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படிக்கும்.