மணி அடித்த பிறகு உள்ளே போனவர்

பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளையிடம் முதலில் பெயரைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "எந்தத் தெரு?" சுரக்குடியானாலும் திருநள்ளாறானாலும் அந்தக் கேள்வியின் பொருள் நமக்குத் தெரியும்.

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனுக்கும் தெரிந்திருந்தது. அவர் படித்த கோயம்புத்தூர் கலாசாலையில் சுமார் 400 மாணவர்கள். 10 பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். பழகினால் ஊர், உறவு, சாதி எல்லாம் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சினார். வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பார். கூடி விளையாட முடியாமல் மனம் கலங்கியதை 1939இல் வெளியான தன் வரலாற்றில் சொல்லியிருக்கிறார்.

அப்படி ஒளிந்து நடந்தவர்தான் 1893இல் 'பறையன்' என்று பெயர் வைத்தே இதழ் தொடங்கினார். ஆனால் பள்ளித் தோழமை போனது போனதுதானே?

இன்று மணிக்கட்டுக் கயிற்றின் நிறமே தெருவைச் சொல்லிவிடுகிறது. கயிற்றைத் தடை செய்யவும், அகர வரிசையில் மாணவர்களை உட்கார வைக்கவும் நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. அது தமிழ்நாட்டு அரசுக்குத் தந்த அறிக்கை. காரைக்கால் புதுச்சேரியோடு சேர்ந்தது. இருக்கட்டும். பெயர் வரிசையில் உட்கார வைக்க அரசாணை எதற்கு? வகுப்பாசிரியர் மனம் வைத்தால் போதும். பக்கத்துப் பிள்ளை டப்பாவை எட்டிப் பார்த்து, "கருவாடா? எனக்கும் கொஞ்சம் கொடு" என்று கேட்க வழி பிறக்கும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். கூப்பிட்டால் நாங்களும் வருகிறோம்.