தண்ணீரில் கரையாத செந்தூரம் வயிற்றில் கரைவது எப்படி?

"டாக்டர், நீங்க குடுத்த அயச்செந்தூரத்தைத் தண்ணியில போட்டுப் பார்த்தேன். கரையவே மாட்டேங்குது. வயித்துக்குள்ள போய் மட்டும் என்ன பண்ணிடும்?"

ரத்தசோகைக்கு மருந்து வாங்கிப் போன ஒரு பள்ளி ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்விதான்!

உலோகத்தோடு பிராண வாயு சேர்ந்தால் ஆக்ஸைடு. இரும்புத் துரு அந்த ரகம். அயச்செந்தூரமும் பெரும்பாலும் அதுவே. சுட்ட சுண்ணாம்புக் கல்லும் இதே குடும்பம்தான். ஆனால், தண்ணீரைக் கண்டால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிவிடும். அது காரம். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீர் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அந்தக் காரத்தால்தான். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். (இதை நம்பிக் கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் எலுமிச்சை பிழிந்துவிடாதீர்கள்! சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் விடாமல் ஊற்றிக் கழுவுங்கள். உடனே கண் மருத்துவரிடம் ஓடுங்கள்.)

இரும்பு ஆக்ஸைடு தண்ணீருக்கு அசையாது. அமிலத்துக்குத்தான் மசியும். துருப்பிடித்த அரிவாள்மணையில் புளியைத் தேய்த்தால் துரு கழன்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். நம் இரைப்பையில் சுரப்பதோ ஹைட்ரோகுளோரிக் அமிலம். புளியைவிடப் பல மடங்கு வீரியம். செந்தூரம் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இரும்பு உப்பாக மாறிய பிறகே குடல் உறிஞ்சும். விரல் ரேகைக்குள் புகும் அளவுக்கு அரைக்கச் சொன்னது சும்மாவா? துகள் பொடியாக இருந்தால் அமிலம் சீக்கிரம் கரைக்கும்.

விசாரித்தால், அந்த அம்மா நெஞ்செரிச்சலுக்காகத் தினமும் அமிலம் குறைக்கும் மாத்திரை போடுகிறார்! அமிலம் குறைந்தால் இரும்பு எப்படிச் சேரும்? மாத்திரை கொடுத்த டாக்டரையே கேட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

இதே வழியில் விஷமும் நுழையும். காரீய ஆக்ஸைடும் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. வயிற்று அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் ஏறிவிடும். அதில் ஒன்று செந்தூரம் போலவே சிவப்பாக இருக்கும். சந்தையில் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்ட ஒருவர் விடாத வயிற்றுவலி, மலச்சிக்கலோடு என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. ரத்தத்தைச் சோதித்தால் காரீயம்! பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இந்தத் தொழிலில் இருக்கிறவனாக எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பொடி தண்ணீரில் மிதக்கிறதா, ரேகையில் ஒட்டுகிறதா என்ற சோதனையெல்லாம் அது நைஸா என்று மட்டுமே சொல்லும். உள்ளே இருப்பது இரும்பா, காரீயமா என்று சொல்லாது. லைசென்ஸ் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி அச்சிடாத செந்தூரத்தை வாங்காதீர்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வைத்தியரைக் கேட்காமல் எந்தச் செந்தூரத்தையும் தொடக்கூடாது.