கொங்கிறீற்றில் உருக்குக் கம்பிகளை இணைத்தல்

கொங்கிறீற்று கல்லின் இயல்புடையது. மேலிருந்து அமுக்கும் பாரத்தை அது நன்கு தாங்கும். இழுவிசைக்கோ எளிதில் வெடித்துவிடும். அதன் இழுவலிமை அமுக்கவலிமையின் பத்திலொரு பங்களவே ஆகும். இக்குறையை நிறைவாக்கவே அதனுள் உருக்குக் கம்பிகள் இடப்படுகின்றன. பிரான்சு நாட்டுத் தோட்டக்காரரான யோசேப்பு மொனியே என்பார் இம்முறையிற் செடித்தொட்டிகள் செய்து 1867 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். வெப்பத்தால் இவ்விரு பொருள்களும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிதலின், ஒன்றையொன்று பிரியாது நிற்கின்றன.

கம்பிகள் பொதுவாக 12 மீற்றர் நீளத்திலேயே கிடைக்கின்றன. நெடிய பாலத்துக்கும் உயர்ந்த மாடத்துக்கும் அந்நீளம் போதாது. ஆகவே கம்பியோடு கம்பியை இணைத்தல் இன்றியமையாததாகின்றது.

இரு கம்பிகளின் நுனிகளை அருகருகே கிடத்திக் கட்டுக்கம்பியாற் பிணைப்பதே பெருவழக்கு. இங்குக் கட்டுக்கம்பி விசையைக் கடத்துவதில்லை. கொங்கிறீற்று இறுகும்வரை கம்பிகளை இடம்பெயராது வைத்திருப்பதே அதன் தொழில். விசை முதற் கம்பியிலிருந்து கொங்கிறீற்றுக்கும், அதிலிருந்து அடுத்த கம்பிக்கும் செல்கின்றது. ஆதலின் இணைப்பின் வலிமை பற்றிலேயே தங்கியுள்ளது. பற்றை மிகுவிக்கும் பொருட்டு இரான்சம் என்பார் முறுக்கிய கம்பிக்கு 1884 இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். இக்காலக் கம்பிகளின் வரம்புகளும் அப்பயனையே தருவன.

கம்பிகள் ஒன்றன்மேலொன்று சேர்ந்து கிடக்கும் நீளம் பெரும்பாலும் விட்டத்தின் 40 முதல் 50 மடங்காகும். 16 மில்லிமீற்றர்க் கம்பிக்கு 50 மடங்கெனின் 800 மில்லிமீற்றர் வேண்டும். வரம்புகள் கொங்கிறீற்றைப் புறத்தே தள்ளிப் பிளக்க முயலுமாதலால், அவ்விடத்தை வளையக் கம்பிகளால் நெருங்கச் சூழ்தல் வேண்டும். இணைப்புக்களை ஓரிடத்திற் குவியாது மாறிமாறி அமைத்தலும், விசை மிக்க இடங்களை விலக்குதலும் முறையாம். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட உத்தரத்தின் நடுவில், கீழ்க்கம்பியை இணைத்தல் தகாது.

பருத்த கம்பிகளுக்கு இம்முறை ஏற்றதன்று. அவற்றைப் புரியிட்டுக் குழலாற் பொருத்துவர், அன்றேல் பற்றவைப்பர். காபன் மிகுந்த உருக்கு, பற்றவைத்த இடத்தில் நொறுங்குந் தன்மை அடைதலால், உருக்கின் இயல்பறியாது அதனைச் செய்தல் கேடாய் முடியும்.

1971 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் நாள் கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோவில் நிலம் அதிர்ந்தபொழுது, பாலத்தூண் கம்பிகள் சில அத்திவாரத்திலிருந்து உருவி வெளிவந்தன. கம்பி அறவில்லை, பற்றே அற்றது. நிலநடுக்கத்துக்குரிய கட்டட விதிகள் பின்னர், தூணின் அடியையும் தலையையும் விலக்கி, நடுப்பகுதியிலேயே கம்பிகளை அருகிட்டு இணைக்குமாறு பணித்தன.

கொங்கிறீற்று வார்த்தபின் இணைப்புக் கண்ணுக்குப் புலப்படாது. வார்க்குமுன் அளவுகோலுடன் நின்று ஒவ்வோர் இணைப்பையும் அளந்து பார்ப்பவரின் கவனமே, பின்னர் அங்கு வாழ்வோரின் உயிர்க்குக் காவலாகின்றது.