எஞ்சினுக்கும் ஒரு கலிங்கு

எரிவதற்குக் காற்று இன்றியமையாதது என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். மோட்டார் எஞ்சினுக்கும் அதே விதிதான். சிலிண்டருக்குள் எவ்வளவு காற்றுப் புகுகிறதோ அவ்வளவுக்கே பெட்ரோல் எரியும். அவ்வளவுக்கே ஆற்றல் பிறக்கும். எஞ்சினைப் பெரிதாக்காமல் காற்றை மட்டும் கூடுதலாகப் புகுத்த இயலுமா? ஸ்விட்சர்லாந்து நாட்டு எஞ்சினியர் ஆல்ஃபிரட் பியூச்சி 1905-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இதற்கு வழிகாட்டியது. இன்றைய டர்போசார்ஜரின் மூதாதை அதுவே.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் பூட்டிய மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்றின் இயல்பான அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம். அதற்கு மேல் டர்போ கூட்டித் தரும் அழுத்தமே ‘பூஸ்ட்’.

புகை மிகுந்தால் சக்கரம் விரையும்; சக்கரம் விரைந்தால் காற்று மிகும்; காற்று மிகுந்தால் புகை மேலும் மிகும். இதற்கு ஓர் எல்லை வேண்டுமன்றோ? ஏரி நிரம்பினால் மிகைநீர் வழிந்தோட நம் முன்னோர் கலிங்கு அமைத்தனர். டர்போவின் கலிங்குக்கு ‘வேஸ்ட்கேட்’ என்று பெயர். அது திறந்தால் புகையில் ஒரு பகுதி சக்கரத்தைத் தீண்டாமலே வெளியேறிவிடும்.

அக்கதவைத் திறப்பது எது? ஒரு சிறு பெட்டிக்குள் சவ்வும், அதை எதிர்த்து நிற்கும் சுருள்வில்லும் உள்ளன. அமுக்கப்பட்ட காற்று ரப்பர்க் குழாய் வழியே வந்து சவ்வைத் தள்ளும். வில்லின் வலிமையை அது வென்றதும் கதவு திறக்கும். அரைக் கிலோவுக்கு இசைந்த வில்லாயின், பூஸ்ட் ஏறத்தாழ அங்கே நிற்கும்.

அதனினும் மிகுதியாக வேண்டுவோர், குழாயின் நடுவே ஒரு மின்சார வால்வைப் பொருத்துவர். அது காற்றில் ஒரு பங்கை வெளியே கசியவிடும். உண்மை அழுத்தத்தில் ஒரு பகுதியே சவ்வை எட்டுவதால், கதவு தாமதித்துத் திறக்கும், பூஸ்ட் ஏறும். இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். வில் குறித்த அளவுக்குக் கீழே பூஸ்ட்டை இறக்க இவ்வால்வால் இயலாது. அக்குழாய் கிழிந்தாலோ கழன்றாலோ கதவு திறவாது. அழுத்தம் வரம்பு கடக்கும். ஆகையால் முதலில் சோதிக்க வேண்டுவது அச்சிறு குழாயையே என்பேன்.

வரம்பு கடந்தால் நேர்வது என்ன? காற்றை அமுக்கினால் சூடேறும் என்பதைச் சைக்கிள் பம்பைக் கையாண்டவர் அறிவர். சூடும் அழுத்தமும் மிகுந்த கலவை, ஸ்பார்க் பிளக் மூட்டிய சுடர் வந்து சேருமுன் தானே தீப்பற்றும். அப்போது எழும் தட்டல் ஒலியை ‘நாக்கிங்’ என்பர். அது நீடித்தால் பிஸ்டன் பிளக்கும்.

1962-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் காரில் இத்தட்டலைத் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் செலுத்தினர். தொட்டியை நிரப்பப் பலர் மறந்தனர். திரவம் தீர்ந்தால் பூஸ்ட்டைக் குறைக்கும் அமைப்பும் அதிலேயே இருந்தது. ஆயினும் அக்கார் 1963-உடன் நின்றுபோயிற்று. பின்னர் 1980-களில் ஸ்வீடனின் ஸாப் நிறுவனம் வேறு வழி கண்டது. தட்டலைச் செவிமடுக்கும் உணர்கருவி ஒன்றை எஞ்சினில் பொருத்தி, தட்டல் எழுந்த கணமே வேஸ்ட்கேட்டைத் திறக்கச் செய்தது.

காரைச் சீரமைக்க விழையும் இளைஞர்க்கு நான் கூறுவது இதுதான். முதலில் வில்லின் அழுத்தத்திலேயே ஓட்டி அளவெடுங்கள். கூடும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் செல்கிறதா, பொறி எழும் நேரம் பொருந்துகிறதா என்று காணுங்கள். பிறகு சிறுகச் சிறுக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் நின்று மீண்டும் அளவெடுங்கள். தட்டல் கேட்டால் ஒரு படி இறங்குங்கள். எவ்வளவு அழுத்தம் ஏறிற்று என்பதைவிட, குறித்த இடத்தில் அது நிற்கிறதா என்பதே எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கும்.