வேலிக்கு அப்பாலும் காடுதான்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்வோர் பெரும்பாலும் அடிவாரத்தைப் பொருட்படுத்துவதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏரியையும் படகையும் எண்ணியவாறே விரைந்து விடுகின்றனர். ஆனால் சேர்வராயன் மலையின் காலடியில், காட்டை ஒட்டியே, 1981ஆம் ஆண்டு முதல் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருந்து வருகிறது. சென்ற கோடை விடுமுறையில் நம் பங்கின் மறைக்கல்வி மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றோம்.

காட்டை அருகிலிருந்து காணவேண்டும், ஆனால் ஆபத்து நேரக்கூடாது என்பது மனிதனின் நெடுநாள் ஆசை. அதற்காகவே 1907இல் ஜெர்மனி நாட்டின் ஹம்பர்க் நகரருகே கார்ல் ஹாகன்பெக் என்பார் கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக அகழிகள் வெட்டி விலங்குப் பூங்கா அமைத்தார். 1955இல் அமெரிக்காவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து கேளிக்கைப் பூங்காவிலோ, படகிலமர்ந்து பார்க்கும் 'கானகம்' ஒன்று உண்டு. அங்குள்ள யானையும் முதலையும் இயந்திரப் பொம்மைகள்! அவற்றுக்குப் பசியுமில்லை, நோயுமில்லை.

நம் அடிவாரத்துப் புள்ளிமான்கள் அத்தகையவை அல்ல. உப்புச்சுவை ஒட்டிய பாலிதீன் உறையை மான் விழுங்கிவிட்டால், அது செரிக்காது, எளிதில் வெளியேறாது, இரைப்பையில் திரண்டு, உண்ட உணவுக்கு இடமின்றிச் செய்து, இறுதியில் உயிரையே மாய்க்கும். ஆதலால் பூங்கா விலங்குகளைச் சீண்டுவதும், அவற்றுக்கு உணவளிப்பதும், அங்கே குப்பை போடுவதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். இதையெல்லாம் பிள்ளைகளுக்கு விளக்கமாக எடுத்துரைத்தோம். அவர்களும் கையிலிருந்த தின்பண்டங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒழுங்காகச் சுற்றிப் பார்த்தனர்.

பிற்பகலில் மலையேறினோம். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தியபோது குரங்குகள் சூழ்ந்துகொண்டன. குட்டியை வயிற்றில் தாங்கிய தாய்க்குரங்கு ஒன்றைக் கண்டு மனமிரங்கி, நாம் பொரிப் பொட்டலத்தை நீட்டினோம். அது உறையோடு பிடுங்கிக்கொண்டு மரமேறிற்று.

ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "சாமி, கீழே கொடுக்கக் கூடாதென்றீர்களே, இங்கே மட்டும் கொடுக்கலாமா?"

நம்மிடம் மறுமொழி இல்லை. காலையில் போதித்ததை மாலையில் நாமே மீறிவிட்டோம். பூங்காவின் வேலி முடிந்தவுடன் காடும் முடிந்துவிட்டதாக எண்ணியதே நமது பிழை.

சாலையோரத்தில் உணவு கிடைக்கப் பழகிய குரங்கு, காட்டில் இரை தேடுவதைக் குறைத்துக்கொள்கிறது. மனிதரிடம் அச்சம் நீங்கிப் பறிக்கவும் கடிக்கவும் துணிகிறது. வாகனங்களில் அடிபட்டு மடிகிறது. அது பழங்களைத் தின்று காடெங்கும் பரப்பவேண்டிய விதைகளும் பரவாமற் போகின்றன. நாம் கருணையென நினைத்தது உண்மையில் தீங்காகவே முடிகிறது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு நம் மாநிலத்தில் 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை உள்ளது. ஆயினும் மலைப்பாதையைக் காக்கச் சட்டம் மட்டும் போதாது. பெற்றோரே, அடுத்தமுறை ஏற்காடு செல்லுகையில் கட்டுச்சோற்றைப் பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். குப்பையை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். குரங்கைக் கண்டால் பார்த்து மகிழுங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள். உங்கள் பிள்ளைகள் உங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். நம்மை ஒரு சிறுமி கவனித்தாள்.