பம்பு ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

மீன மாதத்து வெயில் முற்றத் தொடங்கியதும் திருவனந்தபுரத்தில், கரமனை அக்கிரகாரங்களிலாயினும், வலியசாலைத் தெருக்களிலாயினும், கழக்கூட்டத்தில் புதிதாக எழும்பியிருக்கும் வீடுகளிலாயினும், கிணற்றை நம்பி வாழும் குடும்பங்களிலெல்லாம் ஒரே முறையீடு கேட்கிறது: மோட்டார் ஓடுகிறது, ஓசைக்கும் குறைவில்லை, ஆனால் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. இதற்குப் பலரும் கைக்கொள்ளும் பரிகாரம், அரைக் குதிரைத்திறன் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு குதிரைத்திறன் பம்பை வாங்கி மாட்டுவதுதான். அந்தப் பரிகாரம் பெரும்பாலும் வியாதியைத் தீர்ப்பதில்லை என்பதும், தலைமுறைகளாக வற்றாதிருந்த கிணற்றையும் அது வற்றச் செய்துவிடும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

கரையில் நிற்கும் பம்பு கிணற்று நீரைத் தன் பலத்தால் மேலே இழுத்துக்கொள்வதில்லை. அது குழாயினுள் அழுத்தத்தைக் குறைக்கிறது. நீர்ப்பரப்பின் மேல் அழுந்தி நிற்கும் வாயுமண்டலமே நீரைக் குழாயில் ஏற்றுகிறது. உறிஞ்சு குழாயில் நீர் ஒரு வரம்புக்கு மேல் ஏறாத விந்தையை கலிலியோ 1638-இல் வெளிவந்த தமது நூலில் குறித்தார். அதன் காரணத்தை டாரிசெல்லி 1643-இல் பாதரசக் குழாயைக்கொண்டு விளக்கினார். கடல்மட்டத்தில் அந்த வரம்பு ஏறத்தாழ 10.3 மீட்டர், குழாயின் உராய்வையும் மூட்டுகளின் குறைகளையும் கழித்தால் நடைமுறையில் கிடைப்பது ஆறேழு மீட்டர்தான். மேட மாதத்தில் நீர்மட்டம் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால், கரையில் நிற்பது அரைக் குதிரைத்திறன் பம்பாயினும் ஐந்து குதிரைத்திறன் பம்பாயினும் பலன் ஒன்றே.

மேல்நாடுகளில் வீட்டிலேயே பியர் காய்ச்சுவோர் இந்த நியதியை வேறு வகையில் அறிந்திருக்கிறார்கள். கொல்லம் ஆண்டு 1077-இல் பிறந்த அப்காரிச் சட்டம் அனுமதியின்றி மது காய்ச்சுவதை இங்கே தடுத்திருப்பதால் அந்தத் தொழில் நமக்குப் பழக்கமற்றது. ஆனால் அவர்களுடைய அனுபவம் நமக்கும் பயன்படக்கூடியது. கொதிநிலையை நெருங்கிய தானியச் சாற்றைப் பம்பு உறிஞ்ச முற்படும்போது, அழுத்தம் குறைந்த இடத்தில் அந்தச் சாறு ஆவியாகிவிடுவதால், பம்பு வெறுமனே இரைகிறது. ஆகவே அவர்கள் பம்பைப் பாத்திரத்துக்குக் கீழே வைத்து, சாறு தானாகவே இறங்கிப் பம்பை நிரப்பும்படி செய்கிறார்கள். நம் முன்னோர் சிலர் ஆழ்ந்த கிணறுகளின் உட்சுவரில் மேடை கட்டிப் பம்பை நீருக்கு அருகே இறக்கி வைத்ததும் இதே காரணத்தைக் கருதித்தான்.

எனவே பம்பைக் குற்றம் சாட்டுமுன் கிணற்றுக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயை ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும். முதலாவது, குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வ். சருகோ, சிறு கல்லோ, செம்மண் படிவோ அதன் இதழில் சிக்கினால், பம்பு நின்றதும் குழாயிலுள்ள நீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். மறுநாள் காலையில் பம்பு வெறுங்காற்றைச் சுழற்றும். பிரைமிங் புனலில் நீரை நிரப்பிக் கால்மணி நேரம் கவனித்தால், மட்டம் இறங்குகிறதா என்பதைக்கொண்டு சாமானியரும் இதை நிர்ணயிக்கலாம்.

இரண்டாவது, காற்றுக் கசிவு. உறிஞ்சும் பக்கத்து மூட்டில் விரிசல் இருந்தால் பம்பு ஓடும்போது வெளியே ஒரு துளியும் சொட்டாது. காற்று உள்ளே நுழைந்து, தொட்டியில் விழும் நீர் விட்டுவிட்டுக் குமிழியோடு வரும். அந்த மூட்டுகளின் மேல் கிரீஸைத் தடவி ஓடவிட்டு, ஓட்டம் சீராகுமானால், குறை எந்த இடத்தில் என்பது தெளிவாகிவிடும். மேலும் அந்தக் குழாய் பம்பை நோக்கி இடைவிடாமல் ஏறிச் செல்ல வேண்டும். நடுவே மேடிட்டு வளைந்தால் அந்த மேட்டில் காற்றுத் தங்கி நீரை மறித்துவிடும்.

மூன்றாவது, அடைப்பும் குறுகலும். இவ்வூர்க் கிணறுகள் பலவற்றின் நீரிலுள்ள இரும்பு, செந்நிறப் படிவாகக் குழாயினுள்ளும் இம்பெல்லரிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒரே அளவு நீர் ஓடும் குழாயின் விட்டம் பாதியானால் உராய்வு ஏறக்குறைய முப்பத்திரண்டு மடங்காகும் என்பதால், சிறிது படிவும் ஓட்டத்தைப் பெரிதும் குறைத்துவிடும். மோட்டார் சுழலாமல் முனகினால் மட்டுமே குற்றத்தை யந்திரத்தின் பக்கம் தேடலாம். அப்போதும் பெரும்பாலும் மாற்ற வேண்டியது கெபாசிட்டர் ஒன்றுதான்.

நீர்மூழ்கிப் பம்பை இறக்கிவிட்டால் இத்தொல்லைகள் பலவும் ஒருசேர ஒழியும் என்பார் உண்டு. அது நியாயமே, ஆனால் என் கவலை பம்பைப் பற்றியதன்று, கிணற்றைப் பற்றியது. புக்கானன் என்ற ஆய்வாளர் மலபாரிலுள்ள அங்காடிப்புறத்தில் கண்டு, 1807-இல் வெளிவந்த தமது நூலில் லேட்டரைட் என்று பெயரிட்ட அதே வெட்டுக்கல்தான் இந்நகரத்தின் மேட்டுப்பகுதிக் கிணறுகளுக்கு நீரை ஊற்றுகிறது. அதன் நுண்துளைகளின் வழியே நீர் தனக்குரிய நிதானத்தில்தான் ஊறிவரும். கப்பியும் கயிறும் இறைத்த காலத்தில் இறைப்பும் ஊற்றும் சமமாக நின்றன. பெரிய பம்போ சொற்ப நேரத்தில் கிணற்றை வடித்து, ஃபுட் வால்வை வெளியே தெரியச் செய்து, நீரின்றி ஓடித் தன் ‘சீல்’ வளையத்தையும் கருக்கிக்கொள்கிறது. பிறகு வீட்டுக்காரர் குழாய்க்கிணறு தோண்டுகிறார். பழைய கிணறு குப்பைக்குழியாகிறது. 1933-இல் அருவிக்கரையிலிருந்து கரமனையாற்று நீர் குழாய் வழியே நகருக்கு வந்த நாள் முதலே கிணற்றின் மீது நமக்கு அலட்சியம் வளர்ந்திருக்கிறது. குழாய்நீர் இரண்டு நாள் நின்றுபோனால்தான் கிணற்றின் அருமை நினைவுக்கு வருகிறது.

திருவனந்தபுரத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நூறு சதுர மீட்டர் கூரையுள்ள ஒரு வீட்டின் மேல் இது சுமார் 1,80,000 லிட்டர் நீராகும்; அதை ஓடைக்கு அனுப்பிவிட்டு, வற்றிய கிணற்றின் கரையில் பெரிய பம்பை நிறுத்துவது விவேகமாகாது. திருச்சூர் மாவட்டத்தில் 2008 முதல் நடந்துவரும் மழைப்பொலிமாத் திட்டம், கூரைநீரை வடிகட்டித் திறந்த கிணற்றில் சேர்க்கும் எளிய முறையை ஊரறியக் காட்டியிருக்கிறது. ஆகையால் வாசகர்களுக்கு என் வேண்டுகோள்: புதிய பம்புக்குப் பணம் கொடுக்குமுன் ஃபுட் வால்வைக் கழற்றித் துடையுங்கள், இடவப்பாதி மழைக்கு முன்னரே கிணற்றைத் தூர்வாரி, கூரைநீருக்கு ஒரு குழாயை அதன் பக்கம் திருப்பிவிடுங்கள். கிணற்றில் நீர் நின்றால் சிறிய பம்பே போதும். நில்லாவிட்டால் எந்தப் பம்பும் போதாது.